ஜெர்மனியில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி எம்.எஸ்ஸி.: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காற்றாலை, சோலார், மின்கட்டமைப்பு சார்ந்த மேற்படிப்புக்காக ஜெர்மனி செல்ல விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

எலெக்ட்ரிக்கல் முடித்திருக்கிறேன். ரினியூவபிள் எனர்ஜி என்ற பெயரில் ஜெர்மனியில் ஏகப்பட்ட படிப்புகள் இருக்கின்றன. ரேங்க் பட்டியலைப் பார்த்துத் தேர்வு செய்தால் போதுமா?

போதாது. ரேங்க் பட்டியல் பல்கலைக்கழகத்தைத்தான் எடை போடுகிறது. நீங்கள் சேரப்போகும் படிப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது அதில் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது ‘மோடூல்ஹான்ட்பூஹ்’ என்ற பாடத்திட்டக் கையேடு. ஒவ்வொரு துறையின் இணையதளத்திலும் பிடிஎஃப்-ஆகக் கிடைக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட் புள்ளி), லேப் உண்டா, தேர்வு எழுத்துத் தேர்வா வாய்மொழித் தேர்வா, முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என எல்லாம் அதில் இருக்கும்.

இரண்டாண்டு எம்.எஸ்ஸி. என்றால் வழக்கமாக 120 ஈசிடிஎஸ். ஜெர்மனியில் ஒரு ஈசிடிஎஸ் என்பது சுமார் 30 மணி நேர உழைப்பு. அதில் ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் 30 போய்விடும். மீதி 90-இல் கட்டாயப் பாடங்கள் எத்தனை, விருப்பப் பாடங்கள் எத்தனை என்று முதலில் கூட்டிப் பாருங்கள். பிறகு அந்தப் பாடங்களை நான்கு குவியலாகப் பிரியுங்கள்: கருவி சார்ந்தவை (சோலார் செல், டர்பைன், பேட்டரி), கட்டமைப்பு சார்ந்தவை (கிரிட், பவர் எலெக்ட்ரானிக்ஸ், பாதுகாப்பு ரிலே), மாடலிங், கொள்கையும் பொருளாதாரமும். ஒரே பெயருள்ள இரண்டு படிப்புகளில் ஒன்று முக்கால்வாசி பவர் எலெக்ட்ரானிக்ஸாகவும், மற்றொன்று பாதிக்கு மேல் கொள்கையும் மேலாண்மையுமாகவும் இருப்பது சகஜம். ரிலே செட்டிங், இன்வெர்ட்டர் கன்ட்ரோல் என்று போக நினைப்பவர் இரண்டாவதில் சேர்ந்தால் இரண்டு வருடம் வீணாகும்.

சில உதாரணங்கள். ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முதுநிலைப் படிப்பு 1987-இல் பிபிஆர்இ என்ற பெயரில் தொடங்கியது. சூரிய ஒளி, காற்று, உயிரிப்பொருள் என எல்லாவற்றிலும் அகலமான அடித்தளம் தரும் படிப்பு அது. காற்றைத் தனியாகப் படிக்க வேண்டுமென்றால் ஃப்ளென்ஸ்பர்க் ஹோஹ்ஷூலேயின் (பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகம்) விண்ட் எஞ்சினியரிங் படிப்பைப் பாருங்கள். ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டு படிப்புகள் உண்டு. சஸ்டெய்னபிள் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங் பொறியியல் பக்கம் சாய்ந்தது. ரினியூவபிள் எனர்ஜி எஞ்சினியரிங் அண்ட் மேனேஜ்மென்ட் சூழலியல் துறையில் நடப்பது. சோலார் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஃப்ரான்ஹோஃபர் ஐஎஸ்இ நிறுவனம் அதே ஊரில் இருப்பது பகுதிநேர வேலைக்கும் ஆய்வேட்டுக்கும் பெரிய வசதி. படிப்பைப் போலவே ஊரையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

என் சிஜிபிஏ 8.2. ‘2.5 அல்லது அதைவிட நல்ல கிரேடு’ என்று கேட்கிறார்கள். எனக்குத் தகுதி இருக்கிறதா?

ஜெர்மன் கிரேடில் 1.0 உச்சம், 4.0 பாஸ். எண் குறையக் குறைய நல்லது. மாற்றுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது திருத்தப்பட்ட பவேரியன் ஃபார்முலா:

ஜெர்மன் கிரேடு = 1 + 3 × (உச்ச மதிப்பு − உங்கள் மதிப்பு) ÷ (உச்ச மதிப்பு − பாஸ் மதிப்பு)

உங்கள் பல்கலைக்கழகத்தில் உச்சம் 10, பாஸ் 5 என்றால், 1 + 3 × (1.8 ÷ 5) = 2.08. பாஸ் 4 என்றால் அதே 8.2-க்கு 1 + 3 × (1.8 ÷ 6) = 1.9. இந்த வித்தியாசம் சின்னதல்ல; இடம் குறைவான படிப்பில் உள்ளே வெளியே என்று முடிவு செய்வதே இதுதான். ஆகவே பாஸ் மதிப்பு எவ்வளவு என்பது மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கடிதம் வாங்கி இணையுங்கள். இல்லாவிட்டால் மதிப்பிடுபவர் தனக்குத் தெரிந்த எண்ணைப் போட்டுக் கணக்கிடுவார்.

2.08 என்பது 2.5 என்ற வரம்புக்குள் வசதியாக இருக்கிறது. விண்ணப்பிக்கலாம்.

மெக்கானிக்கல் பட்டதாரி. 8.6 சிஜிபிஏ இருந்தும் ‘தேவையான பாடங்களில் கிரெடிட் குறைவு’ என்று நிராகரித்துவிட்டார்கள். ஏன்?

வரும் நிராகரிப்புகளில் மிகவும் வருத்தம் தருவது இதுதான். பல நேரம் தகுதி இருந்தும், அதைக் காட்டத் தெரியாததால் நடக்கிறது. ‘கணிதம் 20 ஈசிடிஎஸ், மின்பொறியியல் 10, வெப்பவியல் 10’ என்பதுபோல ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு குறைந்தபட்சத் தேவை இருக்கும். மதிப்பிடுபவர் உங்கள் மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நீங்களே ஒரு அட்டவணை போடுங்கள். நான்காண்டுப் படிப்பை 240 ஈசிடிஎஸ் எனக் கொண்டு, உங்கள் மொத்த கிரெடிட்டால் வகுத்தால் மாற்று விகிதம் கிடைக்கும். மொத்தம் 160 என்றால் விகிதம் 1.5, 4 கிரெடிட் பாடம் 6 ஈசிடிஎஸ். பிறகு அவர்கள் கேட்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பத்தி போட்டு, உங்கள் பாடங்களை அதன்கீழ் எழுதி, சிலபஸ் புத்தகத்தின் பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். அந்தப் பக்கங்களையும் இணைத்துவிடுங்கள். லேப் பாடங்களை விட்டுவிடாதீர்கள். ‘எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேப்’ மின்பொறியியல் பத்தியில் சேரும்.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒரே பாடத்தை இரண்டு பத்திகளில் எழுதுவது ஒன்று. அதைப் பார்த்ததும் மொத்த அட்டவணையின் மீதே நம்பிக்கை போய்விடும். எஞ்சினியரிங் ஃபிசிக்ஸை மின்பொறியியல் என்று போடுவது மற்றொன்று. உண்மையிலேயே மின்பொறியியல் குறைவாக இருந்தால், வெப்ப எரிசக்தி, காற்றாலை இயக்கவியல் பக்கம் சாய்ந்த படிப்புகளுக்கு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம். டர்பைன் இறக்கையும் கியர்பாக்ஸும் மெக்கானிக்கல்காரர்களின் இடம். அங்கே உங்கள் பட்டம் குறையாகத் தெரியாது.

ஏபிஎஸ், யூனி-அசிஸ்ட், பிளாக்டு அக்கவுன்ட், விசா: எது முதலில்? எவ்வளவு ஆகும்?

ஏபிஎஸ் முதலில். இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்களின் ஆவணங்கள் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழ் அது. 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். இணையத்தில் பதிந்து, படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, ஆவணங்களுடன் டெல்லிக்கு கூரியரில் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயரும் இனிஷியல் விரிவு வரை ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயர் ஓரிடத்தில் பின்னாலும் ஓரிடத்தில் முன்னாலும் இருந்தால் அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துடனேயே ஏபிஎஸ் கேட்பதால், கடைசித் தேதிக்கு நான்கைந்து மாதம் முன்பாவது இதைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது விண்ணப்பம். சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக வாங்கும், சில யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக. யூனி-அசிஸ்ட்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் (செமஸ்டரில்) அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. சரிபார்க்க நான்கிலிருந்து ஆறு வாரம் எடுப்பார்கள். சில பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட்டிடமிருந்து ‘விபிடி’ என்ற முன்மதிப்பீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு தங்கள் தளத்தில் விண்ணப்பிக்கச் சொல்லும். அங்கே கடைசித் தேதி என்பது விபிடி கையில் இருக்க வேண்டிய தேதி. அந்த நாளில் விபிடிக்கு விண்ணப்பித்தால் ஒரு வருடம் போனது போனதுதான்.

அனுமதிக் கடிதம் வந்ததும் பிளாக்டு அக்கவுன்ட், அதாவது செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கப்பட்ட கணக்கு. 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம்தான் அது உங்கள் கைக்கு வரும். இங்கேதான் புதிதாகப் போகிறவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். வீட்டு முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்க வீட்டுக்காரருக்குச் சட்டம் இடம் தருகிறது. அதை பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து மொத்தமாக எடுக்க முடியாது. வீடு கிடைத்து, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிப் படிவத்தைக் காட்டி, இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும். முகவரிப் பதிவு தள்ளிப்போனால் வங்கிக் கணக்கு, வசிப்பு அனுமதி, சில சமயம் பிளாக்டு அக்கவுன்ட்டின் முதல் தவணை என எல்லாமே தள்ளிப்போகும். ஆகவே முன்பணமும் முதல் இரண்டு மாதச் செலவும் தனியாக, உடனே எடுக்கக்கூடிய விதத்தில் இருக்கட்டும். மாணவர் நல அமைப்பான ஷ்டுடீரன்டன்வெர்க்கின் விடுதிக்கு, அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

விசாக் கட்டணம் 75 யூரோ. ஒரு முக்கிய மாற்றம்: விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழி 2025 ஜூலை 1 முதல் இல்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எனவே ‘ஏன் இந்தப் படிப்பு’ என்ற கடிதத்தை அலட்சியமாக எழுதாதீர்கள். பட்டப்படிப்பில் படித்த எந்தப் பாடம் இந்த எம்.எஸ்ஸி.யின் எந்த மாட்யூலோடு இணைகிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்பது உண்மையா?

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் உண்மை. ஆனால் ஃப்ரைபர்க், ஸ்டுட்கார்ட் உள்ள பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் புதிய எம்.எஸ்ஸி. மாணவர்களிடம் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. இவை தவிர, பருவத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டிய பருவப் பங்களிப்பு எங்கும் உண்டு. மாணவர் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அரசுக் காப்பீட்டின் மாணவர் கட்டணம் 30 வயது வரைதான்.

தனியார் கல்லூரிகள் பெரிய கட்டணத்துடன் இதே பெயரில் படிப்பு நடத்துகின்றன. சேருமுன், கல்வி நிறுவனங்களின் அங்கீகாரத்தைக் காட்டும் அனபின் தரவுத்தளத்தில் அந்தக் கல்லூரி ‘ஹெச் ப்ளஸ்’ (அங்கீகரிக்கப்பட்டது) தரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாண்டு வேலை அனுபவம் உள்ளவர்கள் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் ஈபாஸ் உதவித்தொகையை விட்டுவிடக் கூடாது. கடைசிப் பட்டம் வாங்கி ஆறாண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. விண்ணப்பத் தேதி பெரும்பாலும் படிப்பு தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே முடிந்துவிடும்.

போவதற்கு முன் கிடைக்கும் ஐந்தாறு மாதத்தில் என்ன படித்துக்கொண்டு போகலாம்?

பைத்தான். வேறு எதையும்விட இதுதான் முதல் பருவத்தில் கைகொடுக்கும். தரவைக் கையாளும் பைத்தான் நூலகமான பாண்டாஸில் ஒரு வருட மணிநேரத் தரவை (8,760 வரிகள்) படித்து, நேர மண்டலத்தைச் சரிசெய்து, வரைபடம் போடத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். சூரிய ஒளித் தரவுக்கு ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் தளம் இலவசம். ஜெர்மன் மின்சந்தைத் தரவுக்கு ‘ஸ்மார்ட்’ (SMARD) தளம். சோலார் கணக்குக்கு பிவிலிப், மின்கட்டமைப்புக்கு காசல் பல்கலைக்கழகமும் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனமும் உருவாக்கிய பாண்டாபவர், முழு எரிசக்தி அமைப்புக்கு பிப்சா. எல்லாமே இலவசம்.

கருத்தளவில் இரண்டு கணக்குகளை இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முதலாவது, சோலார் ஸ்ட்ரிங்கின் (தொடராக இணைத்த பேனல் வரிசையின்) நீளம். வெப்ப நாட்டிலிருந்து வருபவர்களுக்கு வெயிலில் பேனல் சூடாகி உற்பத்தி குறைவது தெரியும். குளிரில் மின்னழுத்தம் ஏறுவது பலருக்கு நினைவில் வராது. பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் 25 டிகிரியில் 49.5 வோல்ட், வெப்பக் குணகம் டிகிரிக்கு −0.27 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20 பேனல் தொடராக இணைத்தால் 990 வோல்ட். இன்வெர்ட்டரின் வரம்பு 1,000 வோல்ட் என்றால் சரிதானே என்று தோன்றும். −15 டிகிரியில், விடிந்து முதல் வெளிச்சம் பட்டு, பேனல் இன்னும் சூடாகாத நேரத்தில், 40 டிகிரி வித்தியாசத்துக்கு 10.8 சதவீதம் கூடும். 990 என்பது 1,097 வோல்ட் ஆகும். இன்வெர்ட்டர் போய்விடும், வாரன்ட்டியும் கிடைக்காது. ஒரு பேனலுக்கு 54.85 வோல்ட் எனக் கணக்கிட்டால் 18 பேனல்தான் தாங்கும், மொத்தம் 987 வோல்ட். அதோடு விடாமல், கோடையில் பேனல் 65 டிகிரிக்குப் போகும்போது அந்த 18 பேனலின் இயக்க மின்னழுத்தம் இன்வெர்ட்டரின் எம்பிபிடி (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் பகுதி) கீழ்வரம்புக்கு மேலே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மேல்வரம்பைக் குளிரும் கீழ்வரம்பை வெப்பமும் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது, காற்று. காற்றின் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும். சராசரி வேகம் வினாடிக்கு 6 மீட்டரிலிருந்து 7 மீட்டருக்குப் போனால் வேகம் 17 சதவீதம்தான் கூடுகிறது, ஆற்றல் 59 சதவீதம் கூடுகிறது. சராசரி வேகத்தையே மூன்றாம் படிக்கு உயர்த்தி ஆண்டு ஆற்றலைக் கணக்கிடுவது தேர்வில் அதிகம் வரும் தவறு. காற்று ஒரே வேகத்தில் வீசுவதில்லை. காற்றின் வேகத்துக்கு வழக்கமாகக் கொள்ளும் ரெய்லி பரவலில் மூன்றாம் படிகளின் சராசரி, சராசரியின் மூன்றாம் படியைப் போல 1.91 மடங்கு. அதைத் தவறவிட்டால் விடை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிடும்.

ஆங்கிலத்தில்தானே படிப்பு? ஜெர்மன் மொழி தேவையா?

பட்டம் வாங்கத் தேவையில்லை. வேலை வாங்கத் தேவை. 50 மீட்டருக்கு மேல் உயரமான காற்றாலைக்கு மாசுக்கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். சத்தம், நிழல், பறவைகள் பற்றிய அறிக்கைகளும் ஊராட்சியுடனான பேச்சும் ஜெர்மனில்தான் நடக்கும். கிரிட் இணைப்பில் தாழ்வழுத்தத்துக்கு ஜெர்மன் மின்பொறியியல் சங்கமான விடிஇ-யின் 4105, நடுத்தர அழுத்தத்துக்கு 4110, உயரழுத்தத்துக்கு 4120 என்ற விதிகள் அன்றாடம் புழங்கும். சப்ஸ்டேஷனில் நிற்கும் டெக்னீஷியன் உங்களிடம் ஆங்கிலம் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆராய்ச்சியிலும் மென்பொருளிலும் ஆங்கிலம் மட்டும் போதுமான இடங்கள் உண்டு, ஆனால் குறைவு. ஊரிலேயே ஏ2 (ஏ1 முதல் சி2 வரையான மொழித் தேர்ச்சிப் படிகளில் இரண்டாவது) முடித்துப் போய், இரண்டாண்டில் பி2 தொட வேண்டும். மூன்றாம் பருவத்தில் தொடங்கினால் தாமதம்.

படிக்கும்போது எவ்வளவு வேலை செய்யலாம்?

2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பல்கலைக்கழகத்திலேயே செய்யும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. பாடம் நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவருக்கான காப்பீட்டுச் சலுகை போகும். உணவகத்தைவிடத் துறை சார்ந்த ‘வெர்க்ஷ்டூடன்ட்’ (நிறுவனத்தில் மாணவர் செய்யும் பகுதிநேர) வேலையைத் தேடுங்கள். முதல் நிரந்தர வேலை பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது.

ஒரு பாடத்தில் தோற்றால் என்ன ஆகும்?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முயற்சிகள்தான். கட்டாயப் பாடத்தில் கடைசி முயற்சியிலும் தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கப்படுவீர்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாத நிலை வரும். வசிப்பு அனுமதியும் ஆட்டம் காணும். அரியர் வைத்து எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பழக்கம் அங்கே செல்லாது.

வகுப்பில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் தனித்தனி. பதியாமல் தேர்வறைக்குப் போனால் எழுத விடமாட்டார்கள். பதிந்துவிட்டுப் போகாமல் இருந்தால் 5.0, அதாவது தோல்வி. ஒரு முயற்சியும் போகும். தயாராகவில்லை என்றால் விலகுவதற்கான கடைசித் தேதிக்குள் இணையத்தில் விலகிவிடுங்கள். உடம்பு சரியில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் பருவத்தில் 30 ஈசிடிஎஸ்-ஐயும் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. 20–24 எடுத்து நன்றாகத் தேறுவது நல்லது.

முடித்தபின் வேலை தேட எவ்வளவு காலம் தருவார்கள்?

18 மாதம். மாணவர் அனுமதி காலாவதியாகும் முன்பே இதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இந்தக் காலத்தில் எந்த வேலையும் எவ்வளவு நேரமும் செய்யலாம். ப்ளூ கார்டு என்ற, பட்டதாரி ஊழியர்களுக்கான ஐரோப்பிய வேலை அனுமதிக்கு, பட்டம் பெற்று மூன்றாண்டுக்குள் இருப்பவர்களுக்குச் சம்பள வரம்பு குறைவு. 2025-இல் அது ஆண்டுக்கு 43,759.80 யூரோ, ஒவ்வோர் ஆண்டும் மாறும். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள் தகுதிக்கேற்ற வேலையில் இரண்டாண்டு இருந்து, 24 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் பி1 மொழித்தகுதியும் காட்டினால் நிரந்தர வசிப்பு அனுமதி கேட்கலாம்.

காற்றாலைக் களப்பணிக்குப் போக விரும்புபவர்கள் ஜிடபிள்யூஓ (உலகக் காற்றாலைத் துறை அமைப்பு) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும்: உயரத்தில் வேலை, முதலுதவி, தீ, சுமை தூக்குதல், கடலில் என்றால் உயிர்காப்பும் சேரும். இவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும் நிறுவனமே வழக்கமாக இந்தச் செலவை ஏற்கும் என்பதால், சொந்தப் பணத்தில் முன்கூட்டியே எடுக்க அவசரப்பட வேண்டாம்.